சிற்றில் முதல் படைப்புக் களம் வரை
(தொடக்கப் பள்ளியில் கலை: ஒரு வரலாற்று நோக்கு)

தமிழிலக்கியத்தில் குழந்தை ஒரு படைப்பாளியாக முதன்முதலில் தோன்றும் இடம் மணல்வெளியாகும். சங்கச் சான்றோர் பாடல்களில் சிறுமியர் மணலைக் குவித்துச் சிற்றில் இழைக்கின்றனர். அதனுள் சிறுசோறு ஆக்குகின்றனர். மணலாற் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டுகின்றனர். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் முதுமையில் கோலூன்றி நின்று இழந்த இளமையை எண்ணி இரங்கும்போது அவர் நினைவில் முதலில் எழுவது இந்த மணற்பாவைதான். குறிஞ்சிக்கலியில் தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலாற் சிதைத்தவன் பின்னாளில் தலைவனாக வாயிலில் வந்து நிற்கிறான். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஆயர் சிறுமியர் தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டாமெனக் கண்ணனிடம் மன்றாடுகின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழ் இதனையே ஒரு பருவமாக வகுத்துச் 'சிற்றிற் பருவம்' என்று பெயரிட்டுக் கொண்டது.

இக்காட்சிகள் யாவற்றிலும் கட்டுவோர் சிறுமியர், சிதைப்போன் சிறுவன். உரையாசிரியர்கள் சிதைத்தவனின் அழகில் ஈடுபட்ட அளவுக்குக் கட்டியவர்களின் உழைப்பில் ஈடுபட்டார்கள் என்று சொல்ல இயலாது. அது நிற்க. மணலில் வீடு கட்டிய அந்தக் கை பள்ளிக்கூடத்துக்குள் எப்போது நுழைந்தது, நுழைந்தபின் அதற்கு அங்கே என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள்.

திண்ணையும் மணலும்

திண்ணைப் பள்ளியிலும் மணல் இருந்தது. குழந்தை முதலில் எழுதியது ஓலையில் அன்று. தரையில் பரப்பிய மணலில், விரலால். விரலுக்கு எழுத்து பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என யாவும் ஓசையோடு ஓதப்பட்டன. ஒருவன் முன்சொல்ல மற்றையோர் பின்சொல்வர். முன்சொல்பவன் சட்டாம்பிள்ளை.

உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் இப்பள்ளிகளின் இயல்பை விரித்துரைத்துள்ளார். நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகள் மானம்பூப் பாடல்களைப் பாடிக் கோலாட்டமடித்து வீடுவீடாகச் செல்வதும், உபாத்தியாயருக்கு அதனால் வருவாய் கிடைப்பதும் அங்கே காணப்படும் செய்திகள். மாலையில் பள்ளி விடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லியனுப்பி மறுநாட்காலை மறவாது சொல்லச் செய்யும் வழக்கமும் அக்காலத்தது. நினைவாற்றலுக்கென ஏற்பட்ட பயிற்சியாயினும், வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு பூவை வாயில் சுமந்து செல்லும் சிறுவனை எண்ணிப் பார்க்கையில், அது பாதி விளையாட்டாகவும் பாதி கவிதையாகவுமே தோன்றுகிறது.

எனினும் திண்ணையை ஒரு பொற்காலமாகப் போற்றுவாரோடு எனக்கு உடன்பாடில்லை. கோதண்டமும் பிரம்பும் அதே திண்ணையில்தான் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அத்திண்ணையின் படிக்கட்டே எட்டாதது. பெண்கள் நிலையோ கணக்கிலேயே தெரிகிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கி நடத்திய கல்விக் கணக்கெடுப்பின் முடிவுகள் 1826இல் தொகுக்கப்பட்டன. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள். அவற்றில் 1,88,650 மாணவர். இவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. பள்ளி மணலைத் தொட்டவருள் சிற்றில் கட்டிய சிறுமியர் நூற்றுக்கு மூவர் கூட இல்லை என்பது இதன் பொருள்.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

இந்த மணலுக்கு ஒரு வியப்பான கடற்பயணம் உண்டு. 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789இல் எழும்பூரில் தொடங்கப்பட்ட படைவீரர் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றிருந்தார். ஒருநாள் காலை குதிரையில் செல்லும்போது நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் காப்பகத்திலும் அதனை மேற்கொள்ள விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர் அதற்கு இசையவில்லை. எனவே பெல், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அரிச்சுவடி வகுப்புக்குத் தலைவனாக்கினார். பெரியவர் மறுத்ததைச் சிறுவன் செய்து முடித்தான்.

1796இல் இந்தியாவை விட்டு நீங்கிய பெல், மறு ஆண்டே இலண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் இம்முறை 'சென்னை முறை' என்னும் பெயரால் இங்கிலாந்தில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் இதனை ஒத்த முறையைத் தம் பள்ளியில் நடத்தி, பெல்லோடு யார் முதல்வர் என்னும் வழக்கிலும் ஈடுபட நேர்ந்தது. குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வழி கிடைத்ததென்று அந்நாடு மகிழ்ந்தது.

சென்றது எது, செல்லாதது எது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மணல் சென்றது, சட்டாம்பிள்ளை சென்றார். கோலாட்டமும் ஓசையும் செல்லவில்லை. திண்ணையில் கலையோடு பின்னிக் கிடந்த ஒரு முறையிலிருந்து சிக்கனத்தையும் ஒழுங்கையும் மட்டும் பிரித்தெடுத்துத் தொழிற்சாலைக்கு ஏற்ற கல்வியாக மாற்றிக்கொண்டது அந்நூற்றாண்டு.

இதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் மணல் வேறு வடிவில் சென்னைக்குத் திரும்பி வந்தது. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். உலகப் போர் மூண்டு, இத்தாலியர் என்பதால் அவர் இந்நாட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. 1946 வரை அடையாறும் கொடைக்கானலும் அவர்தம் ஆசிரியப் பயிற்சிக்கு இடமாயின. அவர் முறையில் குழந்தை எழுத்தைக் கற்பது மணல் ஒட்டிய அட்டையில் விரலால் தடவித்தான். உலகம் புதுமையென வியந்த அந்த மணலெழுத்தைக் கண்டு, நம் பாட்டனார் ஒருவர் திண்ணையில் இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மாண்டிசோரியின் வகுப்பில் எந்தப் பொருளை எப்போது எடுப்பது என்பதைக் குழந்தை முடிவு செய்தது. திண்ணையில் அதனைப் பிரம்பு முடிவு செய்தது.

கைத்தொழிலின் நிழல்

கலையையும் கைவேலையையும் பள்ளிக்குள் கொணர்தல் வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் தமிழ்நாட்டில் ஒரு நிழலும் உடன் வருகிறது. வெளிநாட்டு நூல்களைப் படித்துவிட்டுப் பேசுவோர் இதனைக் காணத் தவறுகின்றனர்; சங்கரன்கோவிலில் வாழும் நமக்கு அது கண்முன் நிற்பது.

தென்கோடியில் பெண்கல்வியோடு வந்த கைவேலை பின்னல் வேலையாகும். நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் 1820ஆம் ஆண்டையொட்டிப் பெண்கள் விடுதிப் பள்ளியில் இதனைத் தொடங்கினார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை 1844இல் மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது பின்னலும் உடன் சென்றது. இப்பின்னலால் வந்த பணத்தைக் கொண்டு அடிமைத்தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்கள் அக்காலத்தில் இருந்தனர். அழகுக்காகப் பின்னிய நூல் விடுதலைக்கு விலையாயிற்று என்பது வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம். ஆயினும் அச்சிறுமியர் பின்னியது தம் மனத்தில் தோன்றிய பூவையன்று, ஐரோப்பியச் சந்தை கேட்ட பூவை.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கையின் வழியே அறிவு வளரும் என்னும் கொள்கையுடையது. 1947இல் சௌந்திரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் அதற்கு நல்லதோர் இலக்கணமாக அமைந்தது. ஆனால் சாதாரணப் பள்ளிகளில் அது தக்ளி சுற்றும் ஒரு பாடவேளையாகச் சுருங்கிவிட்டது. அக்காலத்தில் படித்த பெரியோரைக் கேட்டால், நூல் அறுந்ததற்கு வாங்கிய அடியைத்தான் முதலில் சொல்கின்றனர்.

பின்னர் 1953ஆம் ஆண்டு வந்தது. இராஜாஜி அரசின் தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்து எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. நெசவாளி மகன் நெசவும் சலவைத் தொழிலாளி மகன் சலவையும் கற்பதென்றால் அதற்குப் பெயர் கல்வியன்று என்று தமிழ்நாடு கொதித்தெழுந்து, அதனைக் 'குலக்கல்வி' என்று அழைத்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் அவர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பசித்த வயிற்றுக்குக் கலை இல்லை என்பதை எந்தக் கல்விக் கொள்கையாளரைவிடவும் அவர் நன்கு அறிந்திருந்தார்.

நம் ஊர் நெசவாளர் ஊர், பூக்கட்டுவோர் ஊர். இங்கே ஐந்து வயதுப் பிள்ளையின் கை ஏற்கெனவே வேலை அறிந்த கை. தறிக்குழியின் அருகில் அமர்ந்து தார் சுற்றிக் கொடுக்கும். வைகறையில் மல்லிகை தொடுக்கும். வடக்கேயும் கிழக்கேயும் சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் அக்கை தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியது. விடியலுக்கு முன் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும் அந்த வண்டியைப் படிப்படியாக நிறுத்தின. பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' திரைப்படத்தைக் கண்டோர் இதனை மறந்திரார். இத்தகைய நிலத்தில் ஓர் ஆசிரியை காகிதத்தையும் பசையையும் வைத்து "பெட்டி செய்வோம் வாருங்கள்" என்று அழைத்தால், பிள்ளைக்கு அது விளையாட்டாகத் தோன்றுமா, வீட்டு வேலையின் தொடர்ச்சியாகத் தோன்றுமா? வேலைக்கும் கலைக்கும் உள்ள வேறுபாடு பசையில் இல்லை. என்ன செய்வது என்பதை முடிவு செய்யும் உரிமை யாரிடம் உள்ளது என்பதில் இருக்கிறது.

பாட்டு வந்த வழி

குழந்தைக்கென்று பாட்டு எழுதும் மரபு நமக்கு அண்டை நிலத்தில் பிறந்தது என்பதில் பெருமை கொள்ளலாம். எட்டயபுரத்துப் பாரதியின் 'பாப்பா பாட்டு' 1915இல் வெளிவந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தவர். ஆகவே குழந்தையின் நாவுக்கு எந்தச் சொல் எளிது என்பதை வகுப்பறையில் நின்றே கற்றவர். ஈழத்தில் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடிக் குழந்தைகளின் உலகத்தை ஊர்ப்புறத்திலேயே கண்டு காட்டினார். அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944இல் இருபத்து மூன்று பாடல்களோடு வந்தது. வங்கிப் பணியில் இருந்துகொண்டே 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கியவர் அவர். பெ. தூரனின் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. இவர்தம் தொண்டு பலராலும் பலகாலும் பேசப்பட்டதாதலின் இங்கு விரிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இவை யாவும் குழந்தைக்காகப் பெரியவர் பாடியவை. குழந்தை பாடியவை அல்ல. இங்கே டால்ஸ்டாய் நினைவுக்கு வருகிறார். 1859இல் தம் யாஸ்னயா பொல்யானா பண்ணையில் உழவர் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கிய அவர், 1862இல் ஒரு கட்டுரை வரைந்தார். உழவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்பதே அதன் வினா. பியோத்கா, சியோம்கா என்னும் இரு சிறுவரோடு அமர்ந்து ஒரு பழமொழியைக் கதையாக்க முயன்றபோது, தாம் தவறவிட்ட நுட்பங்களை அச்சிறுவர் பிடித்ததைக் கண்டு அவர் திகைத்துப் போனார். அதன்பின் 'போரும் அமைதியும்' எழுதியவர் அவர் என்பதை மறவாது இதனைப் படித்தல் வேண்டும். நம் வட்டத்துக் கவிஞர்களுள் எத்தனை பேர் அப்படி ஒரு சிறுவனோடு அமர்ந்திருக்கிறோம்?

கரிசல் நிலத்தில் கி. ராஜநாராயணன் இதற்கு அருகில் வந்தவர். ஊரார் வாயிலிருந்து கதை கேட்டு எழுதினார். குழந்தைகளின் பேச்சிலும் கேட்டார். 'பிஞ்சுகள்' அந்தக் காதின் விளைச்சல்.

மேடையும் குழந்தையும்

குழந்தை மேடையேறிய வரலாறு தமிழில் துயரம் கலந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்த சிறுவர்கள் இசையும் வசனமும் தேர்ந்தனர். டி.கே. சண்முகம் சகோதரர்கள் அங்கிருந்தே வளர்ந்தனர். நம் நாடகக் கலை அச்சிறுவர்களின் தோள்மீது நின்றது என்பது மிகையன்று. ஆனால் அது பள்ளிக்கூடமன்று, தொழிற்கூடம். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளை வீட்டையும் படிப்பையும் விட்டுவந்த பிள்ளை.

1970களின் பிற்பகுதியில் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் முதலியோர் நடத்திய நாடகப் பட்டறைகளும், அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'கூடி விளையாடு பாப்பா' போன்ற ஆக்கங்களும் வேறு திசை காட்டின. குழந்தையை நடிகனாக வார்ப்பதை விட்டு விளையாட்டை நாடகமாக விரிக்கும் திசை அது. பின்னர் வேலு சரவணன் 'கடல் பூதம்' போன்ற நாடகங்களைப் பள்ளிதோறும் கொண்டு சென்றார். அவற்றில் பார்க்கும் பிள்ளைகளே பாதி நாடகத்தை நடத்திச் செல்வர்.

நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டையும் இவ்விடத்தில் குறிக்கலாம். புலவர் சுப்பு ஆறுமுகம் இதனைக் கோயிற்கொடையிலிருந்து வானொலிக்கும் பொதுமேடைக்கும் கொணர்ந்தவர், 2022இல் மறைந்தார். அறிவொளி இயக்கக் காலத்தில், அதாவது 1990களின் தொடக்கத்தில், கலைப்பயணக் குழுக்கள் வில்லையும் உடுக்கையையும் எழுத்தறிவுக்குப் பயன்படுத்தின. அதன் விளைவாகப் பள்ளி ஆண்டு விழாக்களிலும் சிறுவர் வில்லுப்பாட்டு இடம்பெறலாயிற்று. நம் வட்டாரத்தில் நான் கண்டவற்றுள் பெரும்பாலானவை ஆசிரியர் எழுதிக் கொடுத்து மனனம் செய்வித்தவை. வில்லடிப்பவன் ஒரு சிறுவன், எஞ்சிய இருபது பேரும் 'ஆமாம்' போடுவோர். குடம் அடிக்கும் சிறுமி மட்டும் சில வேளை தாளத்தைத் தானாக மாற்றிவிடுவாள், ஆசிரியர் முறைப்பார், கூட்டம் கைதட்டும். எனக்கு அவள் கைதான் பிடிக்கும்.

கம்பிப் பந்தல்

1990களில் 'கற்றலில் இனிமை' என்னும் பெயரால் பாட்டும் விளையாட்டும் பாடநூலுக்குள் வரத் தொடங்கின. குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா எழுதிய நூல் 'பகற்கனவு' எனவும், ஜப்பானியப் பள்ளியொன்றின் நினைவான 'டோட்டோ சான்' அதே பெயரிலும் தமிழில் வந்து ஆசிரியர்களின் கைப்பைகளில் இடம்பிடித்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து கிளைத்தது அது.

செயல்வழிக் கற்றலின் குறைகள் பல. அட்டைகளின் எண்ணிக்கை பெருகியது. ஓராசிரியர் ஈராசிரியர் பள்ளிகள் திணறின. ஏணியில் எந்தப் படியில் எந்தப் பிள்ளை என்று குறிப்பதே ஆசிரியருக்குப் பெரும்பணியாயிற்று. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னும் இரண்டு செய்திகளுக்காக அதனை நான் போற்றுவேன். ஒன்று, சுவரின் அடியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைந்த கரும்பலகை. கரும்பலகை பிள்ளைக்குச் சொந்தமானது நம் கல்வி வரலாற்றில் சிறிய மாற்றம் அன்று. மற்றொன்று கம்பிப் பந்தல். வகுப்பறையின் குறுக்கே கம்பி கட்டி அதில் பிள்ளைகளின் ஓவியமும் எழுத்தும் தொங்கவிடப்பட்டன. நன்றாக வரைந்தவனுடையது மட்டுமன்று, எல்லாருடையதும் தொங்கியது.

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. அந்த இடைவெளியில் எழுத்தை மறந்த பிள்ளைகளுக்காக 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் வந்தன. பின்னதில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். வகுப்பறைக்குள் பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம் என்னும் மூலைகள். 2022இல் தொடங்கிய அரசுப் பள்ளிக் கலைத் திருவிழா முதலில் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோர்க்கே உரியதாயிருந்து 2024-25இல் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென 'ஊஞ்சல்' இதழும் அரசால் வெளியிடப்பட்டது. 'படைப்புக் களம்' என்ற பெயரை முதன்முறை கேட்டபோது, ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் சிற்றிலுக்கு அரசாணை கிடைத்ததோ என்று எண்ணினேன். ஆயினும் போட்டி, பரிசு, மதிப்பெண், பதிவேற்றம் என்று வரும்போது மீண்டும் சிதைக்கும் கால் ஒன்று மணலை நோக்கி நீளுவதையும் காண்கிறேன். போட்டிக்கு நடனம் பயிற்றப்படும் பிள்ளைக்கும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைக்கும் உள்ள தூரம் நாம் நினைக்கும் அளவு பெரிதன்று.

கம்பிப் பந்தலில் தொங்கியவை என்னாயின? ஏப்ரல் இறுதியில் வகுப்பறையைத் தூய்மை செய்யும்போது அவற்றுட் பல பழைய தாள் கடைக்குச் சென்றன. ஓலைச்சுவடி தேடி ஊரூராய் அலைந்தவரை வணங்கும் நாம், கண்ணெதிரே எடைக்குப் போன இச்சுவடிகளைத் தேடவில்லை.

சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தோடு சேர்ந்த 2019ஆம் ஆண்டுக்குப் பிறகு, என் மாணவியர் சிலரிடம் நெசவாளர் தெருக்களில் விடுகதை திரட்டி வருமாறு பணித்திருந்தேன். பாட்டிமாரிடம் பழையன கிடைக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. அவர்கள் கொண்டுவந்த குறிப்பேட்டில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சொன்னதும் இருந்தது: "கால் இல்லாமல் ஓடும், வாய் இல்லாமல் கத்தும், கரண்டு போனால் தூங்கும், எங்க அம்மாவையும் தூங்க வைக்கும். அது என்ன?" விசைத்தறி. பாட்டி சொல்லித் தந்ததா என்று மாணவி கேட்டிருக்கிறாள். "இல்லக்கா, நானே கட்டினது" என்றாளாம் அச்சிறுமி.